திட்டுக் கிராமங்களுக்குத் தேவை ஒரு படகுத்துறை

கடலூர் மாவட்டத்தின் தென் எல்லையில், சிதம்பரத்தை அடுத்து, பழைய கொள்ளிடத்துக்கும் இப்போதைய கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகிய ஊர்கள், ஆற்றில் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் தீவுகளாகிவிடுகின்றன. மேட்டூர் அணையின் உபரிநீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்பட்டு, அணைக்கரையில் 1836-இல் கட்டப்பட்ட கீழணையைத் தாண்டி இத்தாழ்நிலத்தை அடைகிறது. மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்ட 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் இவ்வூர்களை வெள்ளம் சூழ்ந்ததால், மக்கள் படகுகளை நம்பியே வெளியேற வேண்டியிருந்தது.

படகு வந்தாலும் அது எங்கே அணைவது என்பதே அடுத்த சிக்கல். படித்துறை குளிப்பதற்கு ஏற்றதேயன்றிப் படகுக்கு ஏற்றதன்று; நீர்மட்டம் மாற மாறப் படிகளின் விளிம்பில் படகின் அடிப்பகுதி மோதும், கட்டிலோடு தூக்கிவரப்படும் நோயாளியையும் கறவை மாட்டையும் அவ்வழியே ஏற்றுவது கடினம். இதற்கு மாற்றாக அமைவதே சாய்தளம், அதாவது கரையிலிருந்து நீருக்குள் சீராக இறங்கும் கான்கிரீட் சரிவு. பொதுவாக எட்டடி நீளத்துக்கு ஓரடி இறங்கும் இச்சரிவில், வழுக்காதிருக்கக் குறுக்கே வரிப்பள்ளங்கள் இடப்படும். அதன் அடிமுனை கோடைக்கால நீர்மட்டத்துக்கும் கீழே சென்று, மண் அரிக்காதபடி கருங்கல் அடுக்கால் காக்கப்பட்டால்தான் எந்தப் பருவத்திலும் படகை இறக்க முடியும்.

சாய்தளத்தை ஒட்டி அமைவது மிதவைத் துறை. ஆற்றில் ஊன்றிய தூண்களை வளையங்களால் பற்றிக்கொண்டு நீரோடு உயர்ந்து தாழும் இம்மேடை, படகின் விளிம்புக்கு ஏறத்தாழ ஒரே உயரத்தில் எப்போதும் நிற்பதால் முதியோரும் கர்ப்பிணிகளும் அச்சமின்றி ஏறலாம். ஆயினும் வெள்ளத்தில் அடித்துவரப்படும் மரங்கள் மோதக்கூடுமாதலால், நீரோட்டம் கரையை அரிக்கும் வெளிவளைவைத் தவிர்த்து, வேகம் தணிந்த ஓரத்தில், வெள்ளத்திலும் மூழ்காத சாலையோடு இணையும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொள்ளிடத்தின் கடைப்பகுதியில் கடல்நீர் ஏறுவதால், தேர்ந்தெடுக்கும் இடம் 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்குள் வருகிறதா என்பதையும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். வறண்ட பருவத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு காணப்படும் தொலைவு வரை அவ்விதி ஆற்றுக்கும் பொருந்தும்.

கட்டுவதோடு கடமை முடிவதில்லை. பரங்கிப்பேட்டை அருகே அன்னங்கோயில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து படகுகள் சென்றுவர முடியாமல் போவது, தூர்வாராத துறை பயனற்றது என்பதைக் காட்டுகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் சாய்தளத்தில் படியும் வண்டலை அகற்ற நிதியும் பொறுப்பும் ஒதுக்கப்பட வேண்டும். மீன் இறக்கத் தளம் அமைக்கும் அரசு, மனிதரை ஏற்றவும் ஒரு துறை அமைத்துத் தர வேண்டும். அடுத்த வெள்ளத்துக்கு முன்பே அப்பணி தொடங்கட்டும்.