இறுக்கமும் நம்பகமும்: கைத்துப்பாக்கி வாங்குவோர் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்களில் பலர், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பிஸ்டலைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பார்ப்பதும், உள்ளே இரும்பும் இரும்பும் உரசும் ஓசை கேட்டால் மட்டமான சரக்கென்று அதை ஒதுக்கிவிடுவதும், ஓசையற்று ஒரே வார்ப்புப்போல் இருந்தால் உயர்ந்த வேலைப்பாடென்று மனம் பூரித்து அதிகக் கிரயம் கொடுப்பதும் வழக்கம். கைத்திறனை மதிக்கும் இந்த மனோபாவம் போற்றத்தக்கதே. ஆயினும், உயிரைப் போக்கவல்ல ஒரு யந்திரத்தில் இறுக்கம் எந்த இடத்தில் குணம், எந்த இடத்தில் தோஷம் என்று அறியாமல் அதைச் சொந்தமாக்கிக் கொள்வது அபாயம். பழுதுள்ள சரக்கைச் சர்க்கார் கடைக்கு வரவிடாது என்று நம்பியிருப்பது அதனினும் பெரிய அபாயம்.

ஜான் பிரௌனிங் என்னும் மேதை வகுத்து, கோல்ட் கம்பெனி செய்தளித்த பிஸ்டலை, சாவேஜ் கம்பெனியின் பிஸ்டலோடு நிறுத்தி அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் மாதத்தில் பரிசோதித்தது. ஒவ்வொன்றும் 6,000 தோட்டாக்களைச் சுட வேண்டும். 100 தோட்டாக்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் ஆறவிடுவார்கள். 1,000 தோட்டாக்களுக்கு ஒருமுறைதான் துடைத்து எண்ணெய் இடுவார்கள். சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. கோல்ட் ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. அம்மாதம் 29ஆம் தேதியே அது ராணுவத்தின் ஆயுதமாயிற்று. இத்தனை பெருமை வாய்ந்த அந்தப் பிஸ்டலின் ராணுவப் பிரதியைக் குலுக்கினால் ஓசை கேட்கும்! இரண்டாம் உலக யுத்தத்தின்போது தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சமிக்ஞைக் கருவிகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னலும் அதே பிஸ்டலைச் செய்தளித்தபோது, ஒரு தொழிற்சாலையின் உறுப்பு மற்றொரு தொழிற்சாலையின் துப்பாக்கியில் அரத்தைத் தொடாமலே பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அப்படிப் பொருந்த வேண்டுமானால் உறுப்புகளுக்கிடையே சிறிது இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியே மணலுக்கும் புகைக்கரிக்கும் ஒதுங்க இடம் தந்து, போர்முனையில் வீரனைக் காத்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. குறிபார்க்கும் போட்டிகளுக்கென்று தேர்ந்த கைவினைஞர்கள் இதே பிஸ்டலை எடுத்து, சட்டகத்தின் தண்டவாளங்களைத் தட்டி நெருக்கி, மேலே முன்பின் ஓடும் ஸ்லைடைத் தேய்மானப் பசையிட்டு அதனோடு இழைத்து, குழல் ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் அதே இடத்திற்குத் திரும்பி அமரும்படி செய்வார்கள். குண்டுகள் ஒரே புள்ளியைச் சுற்றி விழுவது இந்த உழைப்பின் பலன்; அதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தகைய பிஸ்டல் அடிக்கடி எண்ணெயும் சுத்தமும் கேட்கும். ஆரம்பத்தில் சில நூறு தோட்டாக்களாவது சுட்டுப் பழக்கினால்தான் தடையின்றி ஓடும். ஜெர்மனியின் லூகர் பிஸ்டலில் சின்னஞ்சிறு உறுப்புகளிலும் அந்தந்தத் துப்பாக்கி எண்ணின் கடைசி இலக்கங்களைப் பொறித்து வைத்தது, அவ்வுறுப்புகள் அந்த ஒன்றுக்கென்றே கையால் பொருத்தப்பட்டவை என்பதனாலேயே. 1955இல் வெளிவந்த கோல்ட் பைதான் ரிவால்வரும் அந்தக் கைத்திறனுக்குப் பேர்போனது. அதன் உருளை குழலோடு நேர்கோட்டில் நிற்கும் நேரம் பிசகினால், சரிசெய்யத் தெரிந்தவர் வெகு சிலரே. நேர்கோடு தவறினால் ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறித்து, சுடுபவரையும் அருகே நிற்பவரையும் காயப்படுத்தக்கூடும்.

இவையெல்லாம் துப்பாக்கி சுடுகிறதா, சுடாமல் சிக்குகிறதா என்பதைப் பற்றியவை. என் மனத்தை மிகவும் உறுத்துவது மற்றொன்று: சுடக்கூடாத வேளையில் சுடுவது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திப் பிடித்திருப்பது ஒரு சிறு எஃகுப் பல்லின் விளிம்பு. விசை இலேசாக இழுபட வேண்டும் என்ற ஆசையால், பாதி கற்ற கைவேலைக்காரர் அந்த விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டால், கைக்கு வெண்ணெய்போல் இனிக்கும் அந்த விசை, கீழே விழுந்த அதிர்ச்சியிலோ, ஸ்லைடு மூடும் அதிர்ச்சியிலோ தானே நழுவி வெடித்துவிடும். அழகான மெருகு இந்தத் தோஷத்தை மறைத்துவிடுகிறது. வாங்குபவர் கையாலும் காதாலும் அதை அறிய முடியாது.

வடிவமைப்பிலேயே குறை இருந்தால் நேர்த்தியான கடைசல்கூடக் காப்பாற்றாது. அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த இனத்தைச் சேர்ந்த சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல், ஸ்லைடின் பின்புறம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோதும்படி விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்தபின், அவ்வாண்டு ஆகஸ்டில் கம்பெனியார் விசை உறுப்பின் எடையைக் குறைத்து இலவசமாக மாற்றித்தர முன்வந்தார்கள். பிரேசிலின் டாரஸ் கம்பெனியின் ஒன்பது மாடல் பிஸ்டல்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியவை என்று உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு, கம்பெனியார் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2016இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில் முடிந்தது.

இந்த இரண்டிலும் சர்க்கார் இலாகா எதுவும் கட்டளையிடவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ரொட்டி சுடும் கருவியையும் குழந்தைகளின் பொம்மையையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் படைத்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை 1972ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவியபோதே, துப்பாக்கியும் தோட்டாவும் அதன் அதிகார எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. இதை நான் பெரும் அநீதியென்றே கருதுகிறேன். சில மாநிலங்கள் மட்டும் தம்மளவில் விதி செய்துள்ளன: கலிபோர்னியாவில் ஒரு மாடல் விற்பனைக்கு வர, அதன் மூன்று பிரதிகளும் 600 தோட்டாக்களை ஆறு தடைகளுக்கு மேற்படாமல் சுட்டு, முதல் 20இல் தடையே இன்றித் தேறி, சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் பல நிலைகளில் விழுந்தும் வெடியாதிருக்க வேண்டும்.

துப்பாக்கிக் கம்பெனிகள்மீது வழக்கே தொடர முடியாது என்ற அபிப்பிராயம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது, அது தவறு. குற்றவாளிகள் செய்யும் கொடுமைக்காகக் கம்பெனியைப் பொறுப்பாக்குவதைத்தான் 2005ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. முறைப்படி உபயோகிக்கையில் வடிவமைப்பின் குறையாலோ செய்ந்நேர்த்தியின் குறையாலோ காயமுற்றவர் நஷ்டஈடு கோரும் உரிமையும், உத்தரவாதம் மீறப்பட்டதற்காக வழக்காடும் உரிமையும் அப்படியே இருக்கின்றன. வழக்குத் தொடுக்கும் காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுமாதலால், வழக்கறிஞரைக் காணத் தாமதிக்கலாகாது. பழுதைச் சந்தேகித்த அக்கணமே தோட்டாக்களை நீக்கிப் பூட்டி வையுங்கள். கீழே போட்டுச் சோதிக்கவோ, அரத்தை எடுக்கவோ வேண்டாம், அது ஆபத்தோடு சாட்சியத்தையும் அழிக்கும். துப்பாக்கியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பழுதுபார்ப்பதற்காக உரிமையாளர் தாமே துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கு அனுப்பவும், நேரே திரும்பப் பெறவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது; எப்படி அனுப்புவது என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டறிய வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுத்தியலைக் கையால் பின்னிழுத்தே சுட வேண்டிய ஒற்றைச்செயல் ரிவால்வர்களில் ரூகர் கம்பெனி 1973க்கு முன் செய்தவற்றில், சட்டகத்தின் பக்கத்தில் மூன்று திருகாணிகள் தெரியும். சுத்தியலுக்கு நேரே தோட்டா இருக்க, கைதவறி விழுந்தால் அவை வெடிக்கலாம். ஆகையால் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா இட்டு, சுத்தியலுக்கு நேரான அறையை வெறுமையாக வைத்திருத்தல் அவசியம். 1982 முதல் கம்பெனியார் இவற்றில் பாதுகாப்பு உறுப்பை இலவசமாகப் பொருத்தித் தருகிறார்கள். பழைய விசையின் இனிமையும் சேகரிப்பாளர் தரும் மதிப்பும் போய்விடுமென்று அனுப்பத் தயங்குகிறவர்கள் உண்டு. கழற்றிய அசல் உறுப்புகளையும் கம்பெனியார் துப்பாக்கியோடு திருப்பித் தந்துவிடுகிறார்கள்.