கல்லாவின் விநாடிக் கணக்கு

2014 பிப்ரவரி 15. ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பனிச்சறுக்கு ரிலே பந்தயம். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். ஸ்வீடனின் முதல் மூவரும் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள். நான்காவதாக சார்லோட் கல்லா புறப்பட்டபோது பின்லாந்தும் ஜெர்மனியும் சுமார் 25 விநாடி முன்னே போயிருந்தன.

25 விநாடி பெரிய நேரமில்லைதான். ஆனால் பனியில் நேரம் தூரமாகிவிடும். அன்றைய பந்தயத்தின் சராசரி வேகம் விநாடிக்கு ஆறு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. அந்தக் கணக்கில் எதிரிகள் 160 மீட்டர் தள்ளி இருந்தார்கள். ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகப் போகும் பாதையில் அந்தத் தூரத்தில் இருப்பவர் பாதி நேரம் கண்ணில்கூடப் பட மாட்டார்.

கல்லா கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடைவெளியைத் தின்றார். கடைசிக் கிலோமீட்டரில் மூவரும் ஒன்றாகிவிட்டார்கள். கடைசி நேர்ப்பாதையில் அவர் இருவரையும் தாண்டினார். ஸ்வீடன் எடுத்துக்கொண்ட நேரம் 53 நிமிடம் 2.7 விநாடி. பின்லாந்து அரை விநாடி பின்னே; ஜெர்மனி 0.9 விநாடி பின்னே. பெண்கள் ரிலேயில் ஸ்வீடன் 1960க்குப் பிறகு தங்கத்தைத் தொட்டது அன்றுதான்.

கல்லா என்றதும் நமக்குக் கடை முதலாளியின் பணப்பெட்டிதான் நினைவுக்கு வரும். ஸ்வீடிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் ‘குளிர்ந்த’ என்று பொருள். பனியில் பிழைக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பப் பெயர் கிடைக்காது. ஆனாலும் நம் ஊர்ப் பொருளும் அவருக்குப் பொருந்தாமல் இல்லை. அவருடைய பந்தய வாழ்க்கை முழுவதும் ஒரு வரவு செலவுக் கணக்குதான், புழங்கிய நாணயம் விநாடி என்பது மட்டுமே வேறுபாடு.

அவர் பிறந்தது 1987 ஜூலை 22இல். ஊர் தாரெண்டோ. ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, பின்லாந்து எல்லையை ஒட்டிய பகுதியில் உள்ள சிற்றூர். ஸ்வீடிஷோடு, பின்லாந்து மொழியின் உறவான மெயன்கியேலியும் பேசப்படும் மண். குளிர்காலம் ஆண்டில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் அந்த வட்டாரத்தில் காலில் பலகை கட்டிச் சறுக்குவது முதலில் வழிப்போக்கு, பிறகுதான் விளையாட்டு.

இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் சரி. பனிச்சறுக்கு என்றதும் நாம் கற்பனை செய்வது மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதை. ‘கிராஸ் கன்ட்ரி’ அது இல்லை. இங்கே ஏற வேண்டும், சமதளத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இறக்கம் வந்தால் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கைகளில் இரண்டு கோல், காலில் நீண்ட மெல்லிய பலகைகள்; மற்றதெல்லாம் நுரையீரலின் வேலை.

பாணி இரண்டு. கிளாசிக் பாணியில், பனியில் இயந்திரம் போட்டு வைத்த இணை தடங்களில் கால்களை முன்னும் பின்னுமாக நகர்த்திப் போவார்கள். ஃப்ரீஸ்டைலில் பலகையைப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளலாம், வேகம் அதிகம். கல்லாவின் பலம் இரண்டாவதில்.

கிளாசிக் பலகையின் நடுப்பகுதி வில்போல மேலே வளைந்திருக்கும். ஏறும்போது காலை ஊன்றி அழுத்தினால் அந்த நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பற்றும். அழுத்தம் விலகினால் பலகை வழுக்கும். பற்றுவதற்கு ஒரு மெழுகு, வழுக்குவதற்கு வேறொரு மெழுகு. எந்த மெழுகு என்பது அன்றைய பனியின் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. மெழுகை ஸ்வீடிஷில் ‘வல்லா’ என்பார்கள். தப்பான மெழுகால் பந்தயம் கெட்டுப்போனால் அதற்கென்றே தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்: ‘வல்லாபூம்’. வீராங்கனை எவ்வளவு உழைத்தாலும் மெழுகு பூசியவர் கைவிட்டால் போச்சு. சோச்சியில் வெயில் அடித்துப் பனி இளகிய அந்த நாளில், ரிலேயை 2010, 2011, 2013 என்று பெரிய போட்டிகளில் விடாமல் வென்றுவந்த நார்வே ஐந்தாமிடத்துக்குப் போனதற்கு முக்கியக் காரணம் பலகைகள் ஓடாததுதான். கல்லாவின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு அந்தத் தங்கத்தின் கதையைச் சொல்லவும் கூடாது.

கல்லாவை உலகம் கண்டுகொண்டது 2008 ஜனவரி 6ஆம் தேதி. ‘டூர் டி ஸ்கி’ என்பது பல நாள் பல பந்தயமாக நடந்து, எல்லா நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் தொடர். அப்போதெல்லாம் கடைசி நாளில் கூட்டுக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் முதலில் புறப்படுவார். அடுத்தவர் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறாரோ அத்தனை விநாடி கழித்துக் கிளம்புவார். யார் முதலில் மேலே போய்ச் சேர்கிறாரோ அவருக்குத்தான் பட்டம். ‘மேலே’ என்றது சும்மா இல்லை. இத்தாலியின் ஆல்ப்பே செர்மிஸ் என்ற மலையில், மற்ற நாளெல்லாம் மக்கள் கீழ்நோக்கிச் சறுக்கும் சரிவில், இவர்கள் மேல்நோக்கி ஏற வேண்டும். பார்க்கிறவருக்கே கால் வலிக்கும்.

முதலில் புறப்பட்டவர் பின்லாந்தின் வீர்பி குய்துனென், முந்தைய ஆண்டின் சாம்பியன். இருபது வயது கல்லா அந்த ஏற்றத்தில் அவரை எட்டிப் பிடித்து, தாண்டி, மேலே போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு குய்துனென் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இருந்தாலும் ஸ்வீடன் தன் வீராங்கனையை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது.

2010, கனடாவின் வான்கூவர் ஒலிம்பிக். 10 கி.மீ. ஃப்ரீஸ்டைல். இது தனித்தனியாகப் புறப்படும் பந்தயம்; ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே அரை நிமிட இடைவெளி. பக்கத்தில் ஓடுகிறவர் எதிரியா இல்லையா என்பதே தெரியாது. எதிராளி கடிகாரம்தான். கல்லா 24 நிமிடம் 58.4 விநாடியில் முடித்தார். எஸ்தோனியாவின் கிறிஸ்டினா ஷ்மிகுன் 6.6 விநாடி பின்னே, நார்வேயின் மாரித் பியோர்கென் மூன்றாவது. 1968இல் தோய்னி குஸ்தாஃப்சன் வென்ற பிறகு இந்த விளையாட்டின் தனிநபர் பிரிவில் ஒரு ஸ்வீடன் பெண்ணுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

பியோர்கென் என்ற பெயரைக் கவனித்துக்கொள்ளுங்கள். கல்லாவின் காலம் பியோர்கெனின் காலமும்தான். இதைச் சொல்லாமல் கல்லாவின் வெள்ளிகளைப் புரிந்துகொள்ள முடியாது. அவருடைய ஆறு ஒலிம்பிக் வெள்ளிகளில் மூன்று நார்வேயிடம் தங்கத்தை விட்டுக்கொடுத்து வந்தவை. அவற்றில் ஒன்று, சோச்சியின் 15 கி.மீ. ஸ்கியாத்லான். முதல் பாதி கிளாசிக். நடுவில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பலகையையும் கோலையும் மாற்றிக்கொண்டு ஃப்ரீஸ்டைலில் மறுபாதி. அதில் பியோர்கென் கல்லாவை வென்றது 1.8 விநாடியில். ரிலேயில் அரை விநாடியில் வாங்கிய தங்கத்தைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பு கையைவிட்டுப் போன இந்த 1.8 விநாடியையும் கணக்கில் எழுத வேண்டும்.

அடுத்த ஆண்டு நேர்மாறு. 2015 உலகச் சாம்பியன் போட்டி சொந்த நாட்டின் ஃபாலுனில் நடந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. 10 கி.மீ. ஃப்ரீஸ்டைலில் கல்லாவுக்கும் இரண்டாவதாக வந்த அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிக்கின்ஸுக்கும் இடைவெளி 41 விநாடி. தூரமாக மாற்றினால் 270 மீட்டர். ஒலிம்பிக்கில் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குப் போராடியவர், வீட்டு முற்றத்தில் எதிரியே இல்லாததுபோல ஓடினார். மூன்றாமிடமும் அமெரிக்காவுக்கே, நார்வேயின் பெரிய பெயர்கள் மேடைப் பக்கமே வரவில்லை.

2018இல் தென்கொரியாவின் பியோங்சாங். அந்த ஒலிம்பிக்கில் வழங்கப்பட்ட முதல் தங்கமே பெண்கள் ஸ்கியாத்லானுக்குத்தான். கடைசிச் சுற்றில் கல்லா கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே போனார். கோட்டைத் தாண்டியபோது இரண்டாவது ஆளுக்கு 7.8 விநாடி இருந்தது. இரண்டாவது ஆள் பியோர்கென். அன்றைய வெள்ளியோடு குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றில் அதிகப் பதக்கம் பெற்ற பெண் என்ற சாதனையும் பியோர்கெனைச் சேர்ந்தது. வெண்கலம் பின்லாந்தின் கிறிஸ்டா பார்மாகோஸ்கிக்கு. பெயர் புதிது, ஆள் பழையவர்: சோச்சி ரிலேயில் கடைசி நேர்ப்பாதையில் கல்லா தாண்டிப்போன கிறிஸ்டா லாஹ்தீன்மாகிதான் திருமணத்துக்குப் பிறகு இந்தப் பெயரில் நின்றார்.

அதே பியோங்சாங்கில் அணி ஸ்பிரின்ட். கல்லாவும் ஸ்டினா நில்சனும் ஜோடி. கடைசிப் பகுதியை ஓடிய நில்சனை அமெரிக்காவின் டிக்கின்ஸ் முந்தியது 0.19 விநாடியில். ஃபாலுனில் 41 விநாடி பின்தங்கிய அதே டிக்கின்ஸ்.

இப்படியாக மூன்று ஒலிம்பிக்கில் 3 தங்கம், 6 வெள்ளி. மொத்தம் 9. குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்வீடனுக்காக இத்தனை பதக்கம் வென்றவர் அதற்கு முன் ஒருவர்தான்: 1950களிலும் 60களிலும் ஓடிய சிக்ஸ்டன் யெர்ன்பெரி. எண்ணிக்கையில் இருவரும் சமம். தங்கத்தில் யெர்ன்பெரிக்கு ஒன்று கூடுதல்.

கணக்கில் ஒரு பற்றும் உண்டு. ஒரு பருவம் முழுக்க நடக்கும் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டத்தை கல்லா ஒருமுறையும் வெல்லவில்லை. வாராவாரம் புள்ளி சேர்ப்பது பியோர்கென், போலந்தின் யுஸ்டினா கோவால்சிக் போன்றவர்களின் கலை. கல்லா நாள் பார்த்து ஓடுகிறவர். பெரிய போட்டியின் பெரிய நாளில் முன்னால் ஒருவர் முதுகு தெரிந்தால் போதும், அவரை நிறுத்துவது கடினம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், பருவம் முழுக்க வெல்வதுதான் கடினம் என்பேன். ஆனால் ஆண்டுகள் கழித்து மக்கள் பேசுவது சோச்சியின் கடைசி ஐந்து கிலோமீட்டரைத்தான்.

2019இல் ஆஸ்திரியாவின் சேஃபெல்ட் உலகச் சாம்பியன் போட்டியில் ஸ்வீடன் ரிலே தங்கம் வென்றது. எப்பா ஆண்டர்சன், 19 வயது ஃப்ரீடா கார்ல்சன், கல்லா, ஸ்டினா நில்சன் என்பது வரிசை. கல்லா ஓடியது மூன்றாவதாக. கடைசி ஐந்து கிலோமீட்டர் அன்று நில்சனின் பொறுப்பு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கல்லாவுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம், மார்ச்சில், 34ஆவது வயதில் ஓய்வை அறிவித்தார்.