மலைநாட்டு ஈரமும் முத்திரை அல்பமும்

முத்திரை என்பது ஒரு மெல்லிய காகிதமும் அதன் பின்புறத்தில் பூசப்பட்ட பசையும்தான். இவ்விரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. எனவே, முத்திரை சேகரிப்பவர் எங்கே வாழ்கிறார் என்பதும் முக்கியமாகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்திலும், ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மழைக்காலத்தில் இங்கு காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். காகிதத்துக்கு ஏற்றது ஏறத்தாழ 50 வீதம். 65 வீதத்துக்கு மேல் நீண்ட நாட்கள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சப்பாத்திலும் பாடசாலைப் பையிலும் பூஞ்சணம் படரும் எமது வீடுகளில், அல்பம் மட்டும் தப்பிவிடுமா?

ஈரத்தால் முத்திரைக்கு மூன்று விதமான கேடுகள் வருகின்றன. பசை இளகி, முத்திரை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். காகிதம் சுருளும். பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். இம்மூன்றிலிருந்தும் காப்பாற்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும்: முத்திரை எந்த நிலையில் அல்பத்துக்குள் போனதோ, அதே நிலையில் வெளியே வரக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையையும் இந்த விதியை வைத்தே பார்ப்போம்.

முதலாவது ஹிஞ்ச் எனப்படும் ஒட்டுக்கீல். ஒரு பக்கம் மட்டும் பசை பூசிய, கண்ணாடிபோன்ற மெல்லிய காகிதத் துண்டு இது. இதை மூன்றில் ஒரு பங்கு மடிக்க வேண்டும். சிறிய மடிப்பை மிக இலேசாக நனைத்து, முத்திரையின் பின்புறத்தில், மேல் விளிம்புப் பற்களுக்குச் சற்றுக் கீழே ஒட்ட வேண்டும். பெரிய மடிப்பை அல்பத்தின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கழற்ற நேர்ந்தால் அது முற்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது இழுத்தால் முத்திரையின் காகிதமும் சேர்ந்து உரியும். இது மலிவானது, பாவித்த முத்திரைகளுக்குப் போதுமானது. ஆனால், பாவிக்காத முத்திரையின் பசையில் இது அழியாத தழும்பை விட்டுவிடும். அதனால் முத்திரையின் பெறுமதியும் குறையும்.

இரண்டாவது மவுண்ட். முன்புறம் தெளிவாகவும் பின்புறம் கறுப்பாகவோ தெளிவாகவோ உள்ள பிளாஸ்டிக் உறை இது. முத்திரையில் பசையோ நீரோ படாது. மவுண்டின் பின்புறம் மட்டுமே அல்பத்தில் ஒட்டப்படும். பாவிக்காத முத்திரைகளுக்கு இதுவே சிறந்தது. மவுண்டை முத்திரையின் அளவுக்கு மிகச்சரியாக வெட்டக் கூடாது. அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மில்லிமீற்றராவது கூடுதலாக விட வேண்டும். இறுக்கமானால் பற்கள் மடியும். பின்புறத்தை அதிகம் நனைத்தால் நீர் உள்ளே கசியும். மலைநாட்டில் அது உலர நாட்கள் எடுக்கும்.

மூன்றாவது ஸ்டொக் புத்தகம். இதில் முத்திரையைப் பட்டிகளுக்குள் செருகி வைக்கலாம். எதையும் ஒட்டத் தேவையில்லை. எமது காலநிலையில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மென்மையான பி.வி.சி. உறைகளில் அதை வளையச் செய்யும் இரசாயனங்கள் உள்ளன. அவை காலப்போக்கில் வெளியேறி முத்திரையின் நிறத்தைக் கெடுக்கும். கடுமையான பிளாஸ்டிக் மணமும் பிசுபிசுப்பும் இருந்தால் வாங்க வேண்டாம். பொலியெஸ்டர், பொலிஸ்டைரீன் ஆகியவை பாதுகாப்பானவை. கலியாணப் படங்கள் வைக்கும், பக்கங்களில் பசை பூசிய அல்பமும் முத்திரைக்கு ஆகாது. செலோடேப், கம், லெமினேற் மூன்றும் வேண்டவே வேண்டாம். அவற்றிலிருந்து முத்திரையைச் சேதமின்றி மீட்பது அரிது.

அல்பத்தை வெளிச்சுவரோடு சேர்த்தோ, அடுப்புப் புகைபடும் இடத்திலோ வைக்கக் கூடாது. நிலத்திலிருந்து உயரமாக, அலுமாரியில் நிமிர்த்தி, நெருக்காமல் வைக்க வேண்டும். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொதிகளை வைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும். மழையில்லாத உலர்ந்த நாளில், நேரடி வெயில் படாத இடத்தில் பக்கங்களை விரித்துக் காற்றாட விடுவது இன்னும் நல்லது. முத்திரையை விரலால் தொடாமல், தட்டையான முனையுள்ள சாமணத்தால் எடுக்க வேண்டும்.

எமது நாட்டு முத்திரைகளில் பேண வேண்டியவை எத்தனையோ. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது. அது விக்டோரியா மகாராணியின் உருவம் கொண்ட ஆறு பென்ஸ் முத்திரை. 1935இல் தொடங்கிய படத் தொடரில் தேயிலை கொய்யும் காட்சியும் சிவனொளிபாத மலையும் இடம்பெற்றன. 1967இல் தேயிலைக் கைத்தொழிலின் நூற்றாண்டுக்கு முத்திரைகள் வந்தன. கண்டியில் முஸ்லிம் பெண்கல்விக்கு வித்திட்ட அறிஞர் சித்தி லெப்பைக்கு 1977இல் முத்திரை வெளியிடப்பட்டது.

இவற்றைவிட விரைவாக அழிந்துகொண்டிருப்பது கடித உறைகள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என முடிவாயிற்று. அதனால் மலையகக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. போனவர்களில் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் குடியேறினர். அங்கிருந்து வந்த கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாக லயங்களுக்கு வந்து சேர்ந்தன. வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து ஆச்சி ஒருவர், அக்கா அனுப்பிய உறைகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். "பாப்பா, இது எந்த வருசம் வந்ததுன்னு பாத்துச் சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. முத்திரை இருந்த மூலைகளை யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். முத்திரையோடு தபால் முத்திரைக் குறியும், அதிலிருந்த ஊரும் திகதியும் போய்விட்டன. உள்ளே இருந்த கடிதங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

எனவே பழைய உறையிலிருந்து முத்திரையை வெட்டாதீர்கள். ஊறவைத்து உரிக்கவும் வேண்டாம். உறையை முழுதாக வையுங்கள். வெள்ளைக் காகிதத்தில் நான்கு சிறு முக்கோண மூலைகள் செய்து, அவற்றை மட்டும் பக்கத்தில் ஒட்டி, உறையை அவற்றினுள் செருகலாம். உறையில் பசை படாது. வேண்டும்போது எடுத்து வாசிக்கலாம். கீழே யார் யாருக்கு அனுப்பியது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனை மை ஈரத்தில் பரவும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய கடிதக் கட்டுகளை அடுப்புக்கோ குப்பைக்கோ அனுப்புமுன் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டுங்கள். அவற்றை அனுப்பியவர் யார், எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதையும் நீங்களே சொல்லிக் கொடுங்கள். அந்தப் பென்சில் குறிப்பை எழுத அவர்களுக்கு உங்கள் உதவி தேவை.