லீவரே, மனசு வையேன்!

ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மனுஷன் எதற்கு வாங்குகிறான்? பாதிப் பேர், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வெங்காயம் வாங்கத்தான்! ஷார்ஜாவில் நான் வாங்கிய பழைய லேண்ட்ரோவர் டிஸ்கவரியின் முந்தைய ஓனரும் அந்த ரகம். கியர் லீவருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லீவர். ஹை, லோ மாற்றவும் அதுதான். பக்கவாட்டில் தள்ளி நடு டிஃபரென்ஷியலைப் பூட்டவும் அதுதான். முன்னே பின்னே வந்தது. பக்கவாட்டில்? ம்ஹூம்!

வராவிட்டால் என்ன என்கிறீர்களா? இந்த வண்டியில் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டுமே, அதற்காக நடுவில் ஒரு டிஃபரென்ஷியல். தார் ரோட்டில் தங்கம். மணலில்தான் வில்லங்கம். ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றால் மொத்த ஓட்டமும் அதற்கே போய்விடும். மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும்! பூட்டிவிட்டால், முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். 45 டிகிரி வெயிலில் மனைவி, குழந்தையோடு மணலில் புதைந்து நிற்பதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

ஒரு கராஜில், ''டிரான்ஸ்பர் பாக்ஸையே இறக்கணும்'' என்று ஒரு மாசச் சம்பளத்தைக் கேட்டார்கள். கும்பிடு போட்டுவிட்டு, தனியாக வேலை பார்க்கும் ஒரு மலையாளி சேட்டனைப் பிடித்தேன்.

''லீவரில் பைப்பைச் செருகி இழுத்தா என்ன சேட்டா?''

''வேண்டா சாரே... ஒடிஞ்சா ரெண்டு மாசச் சம்பளம்!''

அவர் ஸ்பானரை எடுத்து சீட்டுக்கு நடுவே இருந்த மூடியையும் தகட்டையும் கழற்றினார். லீவரின் அடியிலிருந்து டிரான்ஸ்பர் பாக்ஸின் முன்பக்கத்துக்கு ஒரு சின்னக் கம்பி போகிறது. முதல் வேலையாக அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு லீவரை ஆட்டினார். ஜம்மென்று ஆடியது! ஆக, லீவர் நிரபராதி. அலுமினிய உறைக்குள் நுழையும் இரும்புத் தண்டுதான் குற்றவாளி. கடலோர உப்புக் காற்றும், யாரும் தொடாத வருஷங்களும் சேர்ந்து, வெல்டிங் வைத்த மாதிரி பிடித்திருந்தது. (இந்த ஒரு சோதனை அந்த கராஜ்காரர்களுக்குத் தோன்றவில்லையா, தோன்ற விருப்பமில்லையா?)

தண்டைச் சுற்றி துரு இளக்கும் ஆயில். ராத்திரி முழுக்க ஊறல். மறுநாள் ஸ்பானரால் நூலளவு இந்தப் பக்கம், நூலளவு அந்தப் பக்கம். முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டவில்லை, ஆயிலைத்தான் கூட்டினார். மூன்றாம் நாள்... 'ளொடக்!'

கம்பியை மாட்டி லீவரைத் தள்ளினோம். விளக்கு எரியவில்லை. எனக்குத் திக்கென்றது. ''உள்ளே பல்லோடு பல்லு சேரணும்'' என்று சேட்டன் வண்டியை மணலில் நாலடி உருட்டினார். மஞ்சள் விளக்கு பளிச்! இந்தச் சோதனையை மணலிலோ மண் ரோட்டிலோதான் செய்ய வேண்டும். பூட்டியபடி தார் ரோட்டில் வளைத்தால் உள்ளே முறுக்கேறி, லீவரைத் திருப்பினாலும் விளக்கு அணையாமல் அடம்பிடிக்கும். ரிவர்ஸில் சில அடி போனால் பெரும்பாலும் முறுக்கு விட்டுவிடும். மாசம் ஒரு தடவை மண் ரோட்டில் பூட்டித் திறந்தால் தண்டு மறுபடி இறுகாது என்றார்.

வீட்டம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாக விளக்கைக் காட்டினேன்.

''ஏங்க, இந்த லைட்டை எரிய வைக்கவா மூணு நாள்?''