குற்றாலம் சீசனுக்கு வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் பக்கம் ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு மேற்கே பார்த்தால், அடிவானம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை. கண்ணுக்கு அவ்வளவு பெருசா தெரியும். அதையே மொபைலில் 0.5 வைத்து எடுத்தால், மலை மெல்லிய நீலக் கோடாகிவிடும். மீதி எல்லாம் வானமும் தார் ரோடும்தான்.

‘போன் கேமரா அவ்வளவுதான், நல்ல வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கினா சரியாகிடும்’ என்று பலர் இஎம்ஐ கணக்குப் போட ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். ஆனால், அந்த லென்ஸிலும் மலை கோடாகத்தான் வரும். ஏன்?

மில்லிமீட்டர் என்ன சொல்கிறது?

லென்ஸ் மேல் இருக்கும் 16, 24, 50 போன்ற எண்கள் குவியத் தூரத்தைக் குறிப்பவை. எண் குறையக் குறைய, லென்ஸ் பார்க்கும் கோணம் விரியும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் மூலைக்கு மூலை 50 மி.மீ. லென்ஸ் சுமார் 47 டிகிரி பார்க்கும். 24 என்றால் 84 டிகிரி, 16 என்றால் 107 டிகிரி.

ஆரம்பநிலை கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சிறிய கிராப் சென்சார். அதில் லென்ஸ் எண்ணை 1.5 ஆல் (கேனான் என்றால் 1.6 ஆல்) பெருக்க வேண்டும். அதாவது, கேனானில் 10 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமின் 16-க்குச் சமம். இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகள் எல்லாம் ஃபுல் ஃப்ரேமுக்கானவை.

மலை ஏன் குட்டியாகிடுது?

மலை 20 கி.மீ. தூரத்தில், 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். படுக்கைவாட்டில் எடுத்தால், 16 மி.மீ. லென்ஸில் அந்த மலை படத்தின் உயரத்தில் 30-ல் ஒரு பங்குதான் வரும். 24-ல் 20-ல் ஒரு பங்கு, 50-ல் ஏறக்குறைய 10-ல் ஒரு பங்கு.

கோணம் விரிந்தால் நிறைய விஷயம் உள்ளே வரும். அதே சைஸ் படத்துக்குள் நிறைய வரணும்னா, ஒவ்வொன்றும் சின்னதாகித்தான் ஆகணும். தூரத்து மலையைப் பெருசா காட்டணும்னா, அது டெலிபோட்டோ லென்ஸ் செய்யும் வேலை.

அப்போ வைட் எதுக்கு?

பக்கத்தில் இருப்பதைப் பெருசா காட்டத்தான். 20 செ.மீ. அகலமுள்ள ஒரு சூரியகாந்திப் பூவை எடுத்துக்குவோம். படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு பூ வரணும். 16 மி.மீ. என்றால் பூவிலிருந்து 40 செ.மீ.-லயும், 24 என்றால் 60 செ.மீ.-லயும், 50 என்றால் 125 செ.மீ.-லயும் நிற்கணும். மூன்று படத்திலும் பூ ஒரே சைஸ்தான். பின்னாடி இருக்கும் மலை மட்டும் 16-ஐவிட 50-ல் மூன்று மடங்கு பெருசா இருக்கும்.

50-ன்னா பூ, மலை இரண்டையும் ஒரே ஷாட்டில் ஷார்ப்பா கொண்டு வர்றது கஷ்டம். 16-ல் எஃப் 11 வைத்து, 80 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், 40 செ.மீ.-ல் தொடங்கி மலை வரைக்கும் ஷார்ப்பா கிடைக்கும். பகல் நேர நிலக்காட்சிக்கு எஃப் 2.8 லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். இரவு நட்சத்திரங்களை எடுக்கணும்னா மட்டும் எஃப் 2.8 பற்றி யோசிக்கலாம்.

சுந்தரபாண்டியபுரம் போறவங்களுக்கு...

‘ரோஜா’ படத்தால் பலருக்கும் தெரிந்த சுந்தரபாண்டியபுரம், வீரகேரளம்புதூரைவிட மலைக்குக் கொஞ்சம் நெருக்கம். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது அங்கே கூட்டம் அள்ளும். முற்றிய சூரியகாந்திப் பூக்கள் கிழக்கு நோக்கியே நிற்கும். மலை இருப்பது மேற்கே. அதனால், காலையில் பூவுக்குக் கிழக்கே நின்று எடுத்தால், பூவின் முகத்தில் வெயில், பின்னணியில் மலை என்று இரண்டும் சேர்ந்து அமையும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்குவதால், பூ முகம் இருண்டுவிடும்.

கோபுரம் சாயாமல் இருக்க...

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி, அதாவது 55 மீட்டர் உயரம். கிட்ட நின்று 16-ல் கேமராவை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் பின்னாடி சாய்வதுபோல வரும். 24 மி.மீ.-ல் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, சுமார் 80 மீட்டர் தள்ளி நின்றால், அண்ணாந்து பிடிக்காமலே முழுக் கோபுரமும் அடங்கிவிடும். ஏறக்குறைய 60 மீட்டர் உயரமுள்ள குற்றாலம் பேரருவிக்கும் இதே வழிதான். இன்னும் சில அடிகள் கூடுதலாகத் தள்ளி நின்றால் போதும்.

அருவியில் ஒரு எச்சரிக்கை

வைட் லென்ஸில் பார்க்கும்போது எல்லாமே நிஜத்தைவிடத் தூரமாகத் தெரியும். ‘இன்னும் ரெண்டு அடி முன்னாடி போலாம்’ என்று தோன்றிக்கொண்டே இருக்கும். வழுக்குப் பாறையில் அந்த ரெண்டு அடி ஆபத்தானது. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தார். குளிக்கத் தடை போட்டிருந்தால், அது படம் எடுக்க இறங்குபவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, எதை வாங்கலாம்?

இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு கோணம்தான் என்றால், எங்கள் சாய்ஸ் 24. மலை முழுசா கரைந்துவிடாது, கோபுரமும் அருவியும் அடங்கும், பூவையும் நெருங்கி எடுக்கலாம். கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் 10-ல் தொடங்கும் எடை குறைந்த ஜூம் லென்ஸ்களைப் பார்க்கலாம்.

• கேனான் ஆர்எஃப்-எஸ் 10-18: எடை 150 கிராம், ஃபில்டர் 49 மி.மீ.
• சிக்மா 10-18 எஃப் 2.8 (சோனி இ-மவுண்ட்): சுமார் 260 கிராம், 67 மி.மீ.
• நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 (டிஎஸ்எல்ஆர்): 230 கிராம், 72 மி.மீ.

மூன்றிலுமே 24-க்கு இணையான கோணம் உண்டு.

ஃபில்டர் சைஸை ஏன் பார்க்கணும்? சாரல் நேரத்தில் ஈரப் பாறை, இலைகளின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் வேணும். அருவி நீரைப் பட்டுபோல எடுக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேணும். பொதுவாக, சைஸ் கூடினால் இவற்றின் விலையும் கூடும். நிக்கானின் டிஎஸ்எல்ஆர் 14-24 எஃப் 2.8 போன்ற லென்ஸ்களில் முன்கண்ணாடி உருண்டையாகப் புடைத்திருக்கும். சாதாரண ஃபில்டரை அதில் திருகி மாட்ட முடியாது. எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ. சாரலில் அந்தக் கண்ணாடியைத் துடைச்சே ஓய்ந்துபோவீங்க.

கார்டு தேய்க்கும் முன்...

பெரும்பாலான ஸ்மார்ட்போன்களின் 1x கேமரா ஏற்கெனவே 24-ஐ ஒட்டியதுதான். 0.5 என்பது ஐபோன்களில் 13 மி.மீ.-க்கு இணை. ஒரு மாதம் போனிலேயே 0.5, 1x, 2x மூன்றிலும் எடுத்துப் பாருங்க. பிறகு கேலரியில் உங்களுக்குப் பிடித்த 20 படங்களைப் பிரித்து, எது எதில் எடுத்தது என்று ‘இன்ஃபோ’வில் பாருங்க. பாதிக்கு மேல் 0.5 என்றால், வைட் லென்ஸ் உங்களுக்குப் பயன்படும். 2x தான் அதிகம் என்றால், நீங்க தேடிக்கொண்டிருப்பது வேற லென்ஸ். 1x என்றால், இப்போதைக்கு ஒரு நல்ல ட்ரைபாட் போதும். காலை 6 மணிக்கு வயலில் இருந்தால் இன்னும் நல்லது!