ஒரு டைலின் வரவு செலவு

திரை 1920 × 1080 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,73,600 பிக்சல். அதை முழுக்க மூடும் ஒரே படத்தை இணையப் பக்கத்தின் பின்னணியாகப் போட்டால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட் நினைவகம் போகும். ஜேபெக்காகச் சுருக்கி 300 கேபிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று டிசைனர் பெருமைப்படலாம். அந்தச் சிக்கனம் டவுன்லோடோடு சரி. திரையில் வரையும்போது படம் பழையபடி விரிந்துவிடும்.

அதே இடத்தில் 256 × 256 டைல் ஒன்று: 2,62,144 பைட். அகலவாக்கில் 8, உயரவாக்கில் 5, ஆக 40 முறை ஒட்டினால் திரை நிரம்பிவிடும். செலவு ஏறக்குறைய 32-இல் ஒரு பங்கு.

1995-இல் நெட்ஸ்கேப் 1.1 பின்னணிப் படத்துக்கு வழிவிட்டபோது இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. 28.8 மோடத்தில் நொடிக்கு 3,600 பைட்தான், அதுவும் லைன் நன்றாக இருந்தால். 300 கேபி இறங்க 83 நொடி; 10 கேபி டைலுக்கு 3 நொடிகூட ஆகாது. அந்தக் காலத்துப் பக்கங்களில் பளிங்கும் மேகமும் ஏன் அப்படிக் குவிந்தன என்பது இப்போது புரியும். அதற்காக டைலை ஒரேயடியாகக் குறுக்கினாலும் நஷ்டம்தான்: 8 × 8 என்றால் 32,400 முறை ஒட்ட வேண்டும்.

ஜாயின்ட் தெரியாமல் இருப்பதில்தான் உழைப்பு. போட்டோஷாப்பில் ஆஃப்செட் ஃபில்டரைத் திறந்து இரண்டு கட்டத்திலும் 128 கொடுத்தால், நான்கு ஓரங்களும் நடுவுக்கு வந்து கூட்டல் குறிபோல நிற்கும். அந்தக் குறியைக் குளோன் ஸ்டாம்ப்பால் அழித்துவிட்டு, இன்னொரு முறை 128 தள்ளிப் பாருங்கள். சாய்கோடு போடுகிறவர்கள் இதற்கும் முன்னால் வகுத்துப் பார்க்க வேண்டும். 30 பிக்சலுக்கு ஒரு கோடு என்றால் 256-இல் எட்டரைக் கோடு, ஓரத்தில் உடையும். 32 என்றால் சரியாக 8.

ஜாயின்ட் மறைந்தாலும் மறுபடி வருவது கண்ணில் படும். மரப் பலகையில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தால் திரையில் அது 40 புள்ளிவரை ஆகும். 2011-இல் இணைய டிசைனர் அலெக்ஸ் வாக்கர் இதற்கு ஒரு வழி எழுதினார். 13, 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அமெரிக்கச் சிள்வண்டுகளிலிருந்து எடுத்தது: அகலம் பகா எண்ணாகவோ அதன் மடங்காகவோ உள்ள டைல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. 300, 400, 600 பிக்சல் அடுக்குகள் 1,200 பிக்சலிலேயே தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடும். 29, 37, 53 என்ற பகா எண்களின் பத்து மடங்காக 290, 370, 530 என்று மாற்றினால் மொத்த அகலம் 110 பிக்சல் குறைகிறது. திரும்பும் தூரமோ 5,68,690, அதாவது 296 திரை அகலம்! உயரம் 256 என்றால் மூன்றுக்குமாக நினைவகம் 12,18,560 பைட். மேலடுக்குகளுக்கு ஒளிபுகும் பின்புலம் வேண்டும். அதனால் ஜேபெக் உதவாது, பிஎன்ஜி போன்றது வேண்டும்.

பிக்சல் அடர்த்தி 3 மடங்கு உள்ள செல்போனில் கூர்மை குறையாதிருக்க 256 டைல் 768 ஆக வேண்டும். செலவு 9 மடங்கு. கோடு, கட்டம், புள்ளிக்கு இந்தச் செலவே வீண். சிஎஸ்எஸ் கிரேடியன்ட் ஒரு வரி போதும், இறக்குவதற்குப் படமே இல்லை.

துணி, மரம், கைக்காகிதம் போன்றவற்றுக்கு டைல் இன்னும் தேவை. சாதாரணத் திரைக்கு என் சிபாரிசு 512 × 512. செலவு 10,48,576 பைட். முழுப் படத்தின் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.