ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சோதனை

மாணவர்களே, ‘சுங்கை பெசார்’ என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள்? இடைவெளியை விட்டுவிட்டு எண்ணுங்கள்: சு, ங், கை, பெ, சா, ர். மொத்தம் 6. கணினியோ 12 என்று சொல்லக்கூடும். யூனிகோடு முறையில் ‘சு’ என்பது ‘ச’வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள், ‘ங்’ என்பது ‘ங’வும் புள்ளியும். கணினி எண்ணுவது இந்தக் குறியீடுகளைத்தான்.

தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்தறிய உதவும் நிரல்தொகுப்புகளில் ஒன்று ‘ஓப்பன் தமிழ்’. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இதைத் தன்னார்வலர்கள் கிட்ஹப் தளத்தில் வைத்து வளர்க்கிறார்கள். இப்படிப் பலர் கைவைக்கும் நிரலில் ஒருவர் செய்யும் திருத்தம், இன்னொருவர் எழுதிய பகுதியைக் கெடுத்துவிடலாம். அதை எப்படித் தடுப்பது?

இதற்கு இரண்டு கருவிகள் கைகோக்கின்றன. முதலாவது, பதிப்புக் கட்டுப்பாடு. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று இது பதிந்துவைக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ இவ்வகை. இரண்டாவது, நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் கருவி. ‘ஜென்கின்ஸ்’ ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டையும் இணைத்துவிட்டால், சோதனையை யாரும் நினைவு வைத்துத் தொடங்க வேண்டியதில்லை. புதிய மாற்றம் வந்து சேர்ந்ததும் கிட் தளம் சோதனைக் கருவிக்குச் செய்தி அனுப்பும். கருவி அந்த நிரலை வெறுமையான ஒரு கணினிச் சூழலில் இறக்கி, தொகுத்து, சோதனைகளை ஓட்டும். முடிவு அந்த மாற்றத்தின் பக்கத்திலேயே பச்சை அல்லது சிவப்புக் குறியாகத் தெரியும். வெறுமையான சூழல் ஏன்? எழுதியவர் ஒரு கோப்பைச் சேர்க்க மறந்திருந்தாலும் நிரல் அவருடைய கணினியில் ஓடும். புதிய இடத்தில்தான் குறை வெளிப்படும்.

செம்பனை ஆலையில் குலைகளை லோரி வந்திறங்கும்போதே தரம் பார்க்கிறார்கள். எல்லாக் குலைகளும் கலந்தபின் பழுக்காத குலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நிரலும் அப்படித்தான். நூறு மாற்றங்கள் சேர்ந்தபின் பிழையைத் தேடுவது பெரும்பாடு; ஒரே மாற்றத்துக்குள் தேடுவது எளிது.

ஆனாலும் பச்சைக் குறியைக் கண்மூடி நம்பக் கூடாது. குறியீடுகளை எண்ணி இரண்டால் வகுக்கும் நிரலை ஒருவர் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். ‘சுங்கை பெசார்’ சோதனையில் 6 என்ற சரியான விடை வரும், பச்சை எரியும். அடுத்து ‘சபாக் பெர்ணம்’ என்ற பெயரைக் கொடுங்கள். அதிலும் 12 குறியீடுகளே. ஆனால் எழுத்துகள் 7. ‘ச’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரே குறியீடு போதும் அல்லவா? நிரல் 6 என்றே சொல்லித் தோற்கும்.

கருவி சலிக்காமல் சோதிக்கும். எதைச் சோதிக்க வேண்டும் என்று சிந்திப்பது நம் வேலை. உங்கள் பள்ளியின் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை குறியீடுகள் என்று எண்ணிப் பாருங்கள். அதுவே ஒரு நல்ல சோதனையாகலாம்.